ஆயாவின் கட்டைவிரல் மை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நீர்மோர்ப் பந்தல் போடப் போகிறீர்களாம். பந்தலுக்கு நம் ஆயா பெயராம். பேனருக்கு வாசகம் எழுதி குரூப்பிலும் போட்டாயிற்று: 'குடும்பத்துக்காகவும் பொதுச் சேவைக்காகவும் தன்னையே அர்ப்பணித்த தாய்.' கூடவே ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறோம், நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று பெரியப்பா மகன் மூன்று முறை போன் செய்துவிட்டான். நம்மில் ஆயாவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான்தான், அதனால் நான்தான் எழுத வேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடித்தவள் நான். ஜோடித்து எழுத வராது. இதைப் புத்தகத்தில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம். எனக்கு அறுபத்து நாலு ஆகிவிட்டது. முட்டி வலிக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை. இதை இனியும் சுமந்துகொண்டு நடக்க என்னால் ஆகாது.

முதலில் அந்த வாசகம். குடும்பத்தையும் சேவையையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் உயிரோடு இருந்தபோது அப்படி உட்கார யார் விட்டது? இரண்டில் ஒன்றை விடு என்று கழுத்தைப் பிடித்தது இந்தக் குடும்பம். அதை மறந்துவிட்டு மோர் ஊற்றினால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உங்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. மீதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆயா என்றால் என் அப்பாவைப் பெற்றவள். தாத்தா செத்த பிறகு மயிலத்துப் பக்கம் இருந்த நிலத்தைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு, கடைசி மகளான நம் அத்தையைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அப்பா மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா, வேர்க்கடலை மூட்டைக் கணக்கு எழுதுவார். வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு உள்ளறை, ஒரு அடுப்படி, பின்னால் துவைக்கிற கல்.

தினமும் காலை வேலை முடிந்ததும் ஆயா ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பிரசவ வார்டுக்கு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிரசவத்துக்கு வருகிற பெண்ணோடு ஒரு பெண்ணாள் இருக்க வேண்டும். துணி மாற்ற, வெந்நீர் பிடிக்க, ராத்திரி எழுந்து பிள்ளையைப் பார்க்க. அந்த ஆள் புத்தகத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், என்ன உறவு என்றும் சொல்ல வேண்டும். ஆள் இல்லாமல் வருகிற பெண்கள் இருந்தார்கள். கரும்பு வெட்ட வந்த இடத்தில் வலி எடுத்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள், மாமியார் வாசலோடு நின்றுகொண்டவள். அவர்களுக்கெல்லாம் ஆயா ஆள்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் இல்லை. என் தம்பி பிறந்தபோது அம்மாவோடு இருக்கப் போனாள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி ஆள் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் ஆயா அவளுக்காகப் போனாள். அவள் போன பிறகு வேறொருத்தி வந்தாள். அவ்வளவுதான்.

பழைய நர்சம்மா ஒருத்தர் இருந்தார். அவருக்கு ஆயாவைப் பார்த்தால் சிரிப்பு.

"பெரியம்மா, ஆறாம் பெட்டுக்கு ஆள் இல்ல."

"நான் இருக்கேன், எழுதிக்கோ."

"உறவு இன்னான்னு போட?"

"அம்மான்னு போடு."

"போன வாரம் ரெண்டு, இந்த வாரம் ஒண்ணு. எத்தினி பொண்ணுதான் பெத்த நீ?"

"நீ எழுத எழுத பெத்துக்கினே இருக்கேன்."

கைநாட்டு வைத்த ஊதா மை ஆயாவின் இடது கட்டைவிரலில் எப்போதும் இருக்கும். வீட்டுக்கு வந்தால் உள்ளே நுழைய மாட்டாள். தீட்டு. பின்பக்கமாகப் போய் சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொள்வாள். ஊற்றிக்கொண்டதும் கட்டைவிரலைச் சுண்ணாம்புச் சுவரில் தேய்ப்பாள். துவைக்கிற கல்லுக்கு மேலே அந்தச் சுவர் முழுக்க ஊதா நிறத்தில் விரல் தடங்கள். சில புளியங்கொட்டை மாதிரி, சில இழுத்து விட்ட வால் மாதிரி. சோப்புப் போட்டால் போகாதா என்று கேட்டேன். "சோப்புக்கு போவாது. செவுரு கொஞ்சம் வாங்கிக்கும்," என்றாள். ஈரச் சேலையும் டெட்டால் நாற்றமும் பூண்டு வாசனையும் சேர்ந்த ஒரு வாடை அவள் மேல் அடிக்கும். நான் அந்த வாடையில்தான் தூங்குவேன்.

அம்மாவுக்குப் பிடிக்காது.

"எவ எவளுக்கோ துணி அலசிக்கினு வருது. நம்ம வூட்ல அலச துணியே இல்லையா?"

"அதையும் கொண்டாந்து போடு. சேத்து அலசறேன்," என்பாள் ஆயா.

அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். தடுக்கவும் மாட்டார், தெரிந்த மாதிரியும் காட்டிக்கொள்ள மாட்டார். மண்டியில் யாராவது "உங்க அம்மாவ ஆஸ்பத்திரியில பாத்தேனே" என்று கேட்டால், "பி.பி. மாத்திர வாங்கப் போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். பெற்ற அம்மாவைப் பற்றி வெட்கப்பட்டவர் இப்போது பேனரில் முதல் வரிசைப் படத்தில் இருக்கிறார். அவரும் போய்விட்டார். நான் இனி யாரோடு சண்டை போடுவது?

நான் சொல்ல வந்தது ஒரு பங்குனி மாதம். எனக்குப் பத்து வயது.

அத்தைக்கு விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் மாப்பிள்ளை நிச்சயம் ஆகியிருந்தது. சொந்தக் கரும்பு, சொந்தக் கிணறு உள்ள குடும்பம். வைகாசியில் கல்யாணம். அத்தை அப்போதுதான் மயிலத்திலிருந்து திரும்பி வந்திருந்தாள். பெரியப்பா நிலத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து மல்லாட்டை போட்டிருந்தார்கள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அத்தை மூன்று மாதம் அங்கேயே இருந்துவிட்டு வந்தாள். இந்த மூன்று மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் கத்திரிப்பூ நிறத்தில் மெல்லிசான ஒரு வாயில் சேலை உண்டு. தெருவில் வேறு யாரிடமும் அந்த நிறம் கிடையாது. அத்தை அதைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனால் குழாயடியே திரும்பிப் பார்க்கும். எனக்கு சிலேட்டில் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவள் அத்தைதான். மணி மணியாக எழுதுவாள். என்னையும் அப்படி எழுத வைத்தாள்.

பள்ளிக்கூடம் அரை நாள்தான். ஒரு நாள் ஆயா கஞ்சித் தூக்கைத் தூக்க முடியாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு பழைய நர்சம்மா லீவு. புதிதாக வந்த நர்ஸ் இருந்தார். கட்டிலில் ஒரு பெண், வாயும் வயிறுமாக. அத்தையைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. தனியாக வந்திருக்கிறாள்.

ஆயா வழக்கம்போல "அம்மா" என்று சொல்லி விரலை நீட்டினாள். புது நர்ஸ் விவரமானவர். ஊர் பேர் மட்டும் போதாது, முழு விலாசம் வேண்டும் என்றார். ஆயா எப்போதும் "மயிலம் பக்கம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவாள் போல. அன்றைக்கும் அதையே சொல்லிவிட்டு வெந்நீர் பிடிக்கப் போய்விட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தார்.

"பாப்பா, உனக்கு எழுதத் தெரியுமா?"

எனக்கு எழுதத் தெரியுமாவா? நான் பேனாவை வாங்கி, அப்பா பெயர், கதவு எண், தெரு, திண்டிவனம் என்று ஒரு சீட்டில் அழகாக எழுதிக் கொடுத்தேன். அடியில் கோடுகூடப் போட்டேன். நர்ஸ் என் கையெழுத்தைப் பார்த்து, "முத்து மாதிரி இருக்கே" என்றார். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரை இருந்தது.

அன்று மதியம் ஆயா அந்தப் பெண்ணுக்குக் கஞ்சி ஊட்டினாள். ஆயா எதுவும் கேட்கவில்லை. யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். அந்தப் பெண்ணே தானாகச் சொன்னாள். எந்த ஊர், யார் மகள், இந்த நிலைக்கு யார் காரணம், எல்லாம். காரணமானவன் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். வெளியே தெரிந்தால் அவளை உயிரோடு வைக்க மாட்டார்கள் என்பது பத்து வயதுக்காரியான எனக்கே புரிந்தது. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆயா கஞ்சியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காதுல விழுந்துதா?"

"ம்."

"அந்த ஊர் பேர உன் வாய்ல இருந்து யாரும் கேக்கக் கூடாது. அப்பனே கேட்டாலும் சரி."

திரும்பி வரும் வழியில் பெருமை தாங்காமல் விலாசம் எழுதிய கதையைச் சொன்னேன். ஆயா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள். அப்புறம், "சரி, எழுதினது எழுதியாச்சு. வா, வெயில் காயுது," என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. நாலாம் நாள் விடியற்காலையில் அந்தப் பெண் போய்விட்டாள், குழந்தையை விட்டுவிட்டு. அவள் வந்தபோது உடுத்தியிருந்தது ரத்தமாகி வீணாகிவிட்டதால், ஆயா முந்தின நாள் வீட்டிலிருந்து ஒரு சேலை எடுத்துப் போய்க் கொடுத்திருந்தாள். பெட்டியில் மேலாக இருந்ததை எடுத்திருக்கிறாள். ஆயாவுக்கு நிறம் பார்த்து எடுக்கிற வழக்கம் இல்லை. அது அந்தக் கத்திரிப்பூச் சேலை.

அன்று காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் என் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். குழாயடியில் தெருவே நின்றிருந்தது. அவருக்குக் காது மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவார்.

"இந்தக் கதவு எண் எதும்மா? அந்த வூட்டுப் பொண்ணு பிரசவமாயி கொழந்தைய வுட்டுட்டு காலைல போயிடுச்சு. கத்திரிப்பூ கலர்ல சேல கட்டிக்கினு போச்சாம். கொழந்த அழுவுது, வந்து தூக்கிக்கினு போவ சொல்லுங்க."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் மூடவில்லை. அத்தை வாசலுக்கு வந்து அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். சேலை இல்லை. மூன்று மாதம் அவள் கண்ணில் படாமல் இருந்ததைத் தெரு அந்த நிமிஷமே கணக்குப் போட்டுவிட்டது.

அப்பா மண்டியிலிருந்து வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆயாவைப் பார்த்துக் கத்தினார்.

"எவளுக்கோ அம்மான்னு சொன்ன, சரி. நம்ம வூட்டு வெலாசத்த ஏம்மா குடுத்த? இன்னா நெனச்சிக்கினு குடுத்த?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நான்தான் குடுத்தேன். புத்தி கெட்டுப் போச்சு," என்றாள் ஆயா. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். புது நர்ஸ் நேர்மையாகச் சொன்னார்: அந்தப் பெண் வேறு, உங்கள் தங்கை இல்லை. பழைய நர்சம்மாவும் ஆயா எல்லோருக்கும் இப்படித்தான் கைநாட்டு வைப்பார் என்று சொன்னார். அப்பா அதைக் காணைக்காரர்களிடம் போய்ச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. "உங்கம்மா தெனம் போய் பொழங்கற எடம். அவங்க வேற எப்பிடி சொல்லுவாங்க?" என்றார்கள். அத்தனை வருஷம் அந்த வார்டில் தேடிய நல்ல பெயர் இதற்குத்தான் பயன்பட்டது. அத்தையை டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரு மாமா சொன்னார். அதற்கு அத்தை, "இழுத்துக்கினு போங்க. வரும்போது பொணமாத்தான் வருவேன்," என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

குழந்தையை ஆறு நாள் ஆயாதான் பார்த்துக்கொண்டாள். தெரு பார்த்துக்கொண்டிருக்கப் பார்த்துக்கொண்டிருக்கத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். போகாதே என்று அப்பா வாசலை மறித்தார். "அது பட்டினி கெடக்கும்டா," என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனாள். அப்புறம் அதிகாரிகள் வந்து குழந்தையை ஒரு இல்லத்துக்கு எடுத்துப் போனார்கள்.

காணைக்காரர்கள் கடைசியாக ஒன்று சொன்னார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் வாருங்கள், அங்காளம்மன் எதிரில் பொண்ணைப் பெற்றவள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று.

செஞ்சி வழியாகப் பஸ்ஸில் போனோம். அமாவாசைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எலுமிச்சம்பழமும் குங்குமமும் வியர்வையும் காலடியில் நசுங்கிக் கிடந்தன. அம்மா தம்பியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஆயா என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. அத்தை தலையைத் தூக்கவில்லை.

கோயிலுக்கு வெளியே ஒரு ஓரத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். ஆயா வலது உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தாள்.

"அந்தக் கொழந்த என் பொண்ணு பெத்தது இல்ல. பொய்யின்னா இந்த ஆத்தா என்ன எடுத்துக்கட்டும்."

அப்பா பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளையின் அம்மா ஆயாவின் இடது கையைப் பிடித்துத் தூக்கினார். கட்டைவிரலில் ஊதா மை அப்படியே இருந்தது.

"இந்தக் கை ஆஸ்பத்திரியில அம்மான்னு நாட்டு வெச்சிது. அந்தக் கை இங்க இல்லன்னு கற்பூரம் அணைக்கிது. எந்தக் கைய நம்பறது சம்மந்தி? நான் ஊருக்குப் போய் பதில் சொல்லணும். பொண்ணு உங்களுது இல்லன்னா யாருது? ஊர் பேர சொல்லுங்க. ஒரு ஆள அனுப்பிக் கேட்டுட்டு வந்து, நாளைக்கே பத்திரிகை அடிக்கறேன்."

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நியாயமாகத்தான் கேட்டார்.

அப்பா ஆயாவின் காலைத் தொட்டார். "சொல்லும்மா. ஒரே ஒரு ஊர் பேரு. உன் பொண்ணும்மா இது."

"தெரியும்டா," என்றாள் ஆயா. "இவள யாரும் வெட்ட மாட்டாங்க. அவள வெட்டுவாங்க."

அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்த ஊரின் பெயர் என் நாக்கில் இருந்தது. மூன்றே எழுத்து. நான் சொல்லியிருந்தால் அத்தையின் கல்யாணம் நடந்திருக்கும். ஆயாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது அங்கே ஊதாவாக ஒரு தடம் இருந்தது. மையா, ரத்தம் கட்டியதா என்று தெரியவில்லை.

கல்யாணம் நின்றது.

மறுநாள் அப்பா சுண்ணாம்பு வாங்கி வந்து பின்பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தார். தானே அடித்தார், ஆள் வைக்கவில்லை. ஊதாத் தடங்கள் முதல் பூச்சில் மறையவில்லை. இரண்டாவது பூச்சு, மூன்றாவது பூச்சு. ஆயா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று அப்பா அவளிடம் கற்பூரம் எதுவும் கேட்கவில்லை. போனால் நானும் என் பிள்ளைகளும் இந்த வீட்டை விட்டுப் போய்விடுவோம் என்று மட்டும் சொன்னார்.

பழைய நர்சம்மா ஒரு தடவை வாசல் வரை வந்து, "ரெண்டாம் பெட்டுக்கு ஆள் இல்ல பெரியம்மா," என்றார். அம்மா கதவைச் சாத்தினாள். ஆயா உள்ளிலிருந்து எழுந்து, கொஞ்சம் நின்று, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவள் பின்பக்கம் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்தாள். அந்தக் கட்டைவிரலால்தான் உடைப்பாள். மை போய்விட்டது. நகத்தில் மல்லாட்டைத் தோலின் செம்மண் நிறம் ஏறிவிட்டது. செத்தபோதும் அந்த நிறம்தான். அவள் அம்மா என்று கைநாட்டு வைத்த ஒருத்தியும் சாவுக்கு வரவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் விலாசமே கொடுக்கவில்லையே.

அத்தை வந்தாள். தலைமாட்டில் நின்றாள், அழவில்லை. கல்யாணம் நின்று இரண்டு வருஷம் வீட்டில் கிடந்த பிறகு, மனைவி செத்துப்போன ஒருவருக்கு அவளை விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மாமா நல்ல மனிதர். ஆனாலும் அது இருபத்து நாலு வயதுப் பெண் ஆசைப்பட்ட வாழ்க்கை இல்லை. கடைசி வரை அத்தை ஆயாவோடு பேசவில்லை. அவள் பிள்ளைகளான நீங்கள் மூன்று பேரும் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படலாம். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் விழுப்புரம் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் மாடி வீடு. அத்தைக்கு எழுபத்தாறு. டிவி ஓடிக்கொண்டிருந்தது. மடியில் முறம் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, முட்டி வலின்னு போன்ல அழுவற, மாடி ஏறி வந்துட்ட?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அத்த."

"சொல்லு. அந்தச் சனியன் சத்தத்த கொறச்சிட்டு சொல்லு."

குறைத்தேன். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில வெலாசம் எழுதிக் குடுத்தது ஆயா இல்ல. நான்."

"தெரியும்," என்றாள் அத்தை. கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்த ஆளு சீட்ட என் கையிலதான குடுத்தான். சிலேட்டுல கைய புடிச்சி எழுத வெச்சவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? கீழ கோடு வேற போட்டிருந்த."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கப்பன் உன்ன தோல உரிச்சிருப்பான். பத்து வயசு. எங்கம்மா வேற நான்தான் குடுத்தேன்னு நின்னுக்கினு இருக்குது. நான் இன்னா சொல்றது?"

ஐம்பத்து நாலு வருஷம். இரண்டு பேர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான்தான் ஏதோ ரகசியம் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வெலாசத்து மேல கோவம் இல்லடி," என்றாள் அத்தை. "கோயில்ல அந்த ஊர் பேர சொல்லல பாரு, அதான். பெத்த பொண்ணவிட எவளோ ஒருத்தி பெருசா போயிட்டாளேன்னு."

கொஞ்ச நேரம் கீரை உருவினாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"பெரியவன் பொறந்தப்போ இங்க ஆஸ்பத்திரியில சேத்தாங்க. தலைப்பிரசவம், அம்மா வூட்டுக்குப் போவல நான். கூட யாருன்னு கேட்டாங்க. எங்கம்மா திண்டிவனத்துல இருந்து வந்து, வெளி கேட்டாண்ட தூக்கு வெச்சிக்கினு நிக்கிது. ஜன்னல்ல தெரியுது எனக்கு. யாரும் இல்லன்னுட்டேன். பக்கத்து பெட்ல கோட்டக்குப்பத்து பாய் வூட்டம்மா ஒருத்தங்க, மவளுக்காக வந்து இருந்தாங்க. 'நான் இருக்கேன், அம்மான்னு எழுதிக்கோங்க'ன்னாங்க."

"நெஜமாவா?"

"கைநாட்டும் வெச்சாங்க. சாயங்காலம் கஞ்சி ஊட்டி வுட்டாங்க. ஒரு வாய் வெச்சதும் தெரிஞ்சி போச்சு அது யாரு காச்சின கஞ்சின்னு. எங்கம்மா அந்தம்மாகிட்ட குடுத்து அனுப்பி இருக்குது." அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "முழுசா குடிச்சேன். ஆனா கூப்பிடல. இருட்டற வரைக்கும் நின்னுட்டுப் போச்சு."

கீழே ஒரு ரயில் போனது.

"அந்த ஊர் உனக்குத் தெரியும் இல்ல?" என்றாள் அத்தை திடீரென்று. "கோயில்ல உன் கைய வுடாம புடிச்சிக்கினு இருந்துது. அப்பவே நெனச்சேன், இவளுக்கும் தெரியும்னு."

"தெரியும். சொல்லட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பெயர் மறுபடியும் நாக்குக்கு வந்துவிட்டது. கேட்க அவளுக்கு உரிமை உண்டு. உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத உரிமை.

"அந்தப் பொண்ணு இருந்தா இப்ப என் வயசு இருக்கும்ல?"

"ஒண்ணு ரெண்டு கம்மி."

"பேரன் பேத்தி எடுத்திருப்பா."

"எடுத்திருக்கலாம்."

அத்தை முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப வேணாம். சொல்லாத," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா அந்தச் சேல இருக்குது பாரு, அதுக்குதான் இன்னும் வயிறு எரியுது. நல்ல சேலடி அது," என்றாள்.

இவ்வளவுதான். பேனரில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆயாவின் பெயர் மட்டும் போதும். அந்த ஊர் பஸ் இன்றைக்கும் திண்டிவனம் ஸ்டாண்டில்தான் வந்து நிற்கிறது. உங்கள் பந்தலுக்கு அந்த ஊர்க்காரர்களும் வருவார்கள். டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுங்கள். எந்த ஊர் என்று யாரையும் கேட்காதீர்கள்.